செவில் நகரத்து அன்னையும் பெயரறியாச் செதுக்குநர்களும்

பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதியவர்களின் வழித்தோன்றல்கள் நாம். எழுத்தாணி ஓடும்போது ஓலையில் எழுத்து தெளிவாகத் தெரிவதில்லை. மங்கிய கீறல் மட்டுமே தெரியும். பின்னர் விளக்குக்கரியைக் குழைத்து அதன்மேல் தடவித் துணியால் துடைத்தால், மேற்பரப்பில் ஒட்டிய கரி அகன்றுவிடும். கீறலுக்குள் இறங்கிய கரி மட்டும் நிலைக்கும். அதன் பிறகே ஓலை படிக்கத்தக்கதாகிறது. 15-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பொற்கொல்லர்களின் பட்டறைகளில் தோன்றிய செப்புத் தகட்டு ஓவியக் கலையும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. மணல் நிரப்பிய தோல் மெத்தையின்மேல் மெருகிட்ட செப்புத் தகட்டை வைத்து, 'பியூரின்' எனப்படும் கூர்மையான எஃகு உளியை உள்ளங்கையால் தள்ளிச் செல்வார் செதுக்குநர். செம்பு மெல்லிய சுருளாக மேலெழும். வளைந்த கோடு வேண்டுமெனில் உளியை வளைப்பதில்லை. தகட்டையே மெல்லத் திருப்புவர். பிறகு மை பூசித் துடைப்பர். பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் விரித்து உருளைகளுக்கிடையே அழுத்தும்போது, தாள் பள்ளத்திற்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வருகிறது.

மரக்கட்டை அச்சு இதற்கு நேர்மாறானது. நம் ஊர்களில் துணிக்கு அச்சிடும் கட்டைகளைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். அங்கே கோடு என்பது செதுக்கப்படுவதன்று; செதுக்காமல் விடப்படுவது. கோட்டின் இருமருங்கிலுமுள்ள மரத்தை வெட்டியெறிந்தால் எஞ்சும் மேடுதான் கோடு. செம்பில் ஒரே தள்ளலில் பிறக்கும் கோட்டுக்கு மரத்தில் இரண்டு வெட்டுகள் வேண்டும். செம்பில் பேசுவது பள்ளம். மரத்தில் பேசுவது மேடு.

பள்ளத்திலிருந்து பள்ளத்திற்கும், பின்னர் பள்ளத்திலிருந்து மேட்டிற்குமாக, ஒரே திருவுருவம் வெவ்வேறு நாட்டினரின் கைகளால் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டுப் பாதி உலகைச் சுற்றிவந்த வரலாறு ஒன்று உண்டு. அதனையே இங்கு நாம் நினைவுகூர விழைகிறோம்.

ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரப் பேராலயத்தில் 'தொன்மையின் அன்னை' என்னும் பொருளில் 'லா அந்திகுவா' என அழைக்கப்படும் சுவரோவியம் உள்ளது. பொற்பின்னணியில் அன்னை மரியாள் நின்ற கோலத்தில் காட்சி தருகிறார். கையில் ஒரு ரோசா மலர். மறுகரத்தில் அமர்ந்துள்ள குழந்தை இயேசு ஒரு சிறு பறவையைப் பிடித்துள்ளார். மேலே வானதூதர்கள் அன்னைக்கு முடிசூட்டுகின்றனர். 1248-ஆம் ஆண்டு மன்னர் மூன்றாம் பெர்தினாந்து செவிலைக் கைப்பற்றியபோது மசூதிச் சுவரில் இவ்வோவியம் கண்டெடுக்கப்பட்டதென்பது மரபு. ஓவிய நடையை ஆராய்ந்தோர் அதனை 14-ஆம் நூற்றாண்டினது என்றே கணிக்கின்றனர். எவ்வாறாயினும் கடலோடிகளுக்கு இவ்வன்னை மீது பெரும் பற்று இருந்தது. 1493-இல் கொலம்பஸ் கரீபியக் கடலில் கண்ட ஒரு தீவுக்கு இவ்வன்னையின் பெயரையே இட்டார். அத்தீவு இன்றும் அந்திகுவா என்றே வழங்கி வருகிறது.

சுவரோவியத்தைக் கப்பலேற்ற இயலாது. திரைச்சீலை ஓவியமோ கடற்காற்றில் பூஞ்சை பிடித்து உரியும். ஆனால் தாளில் அச்சிட்ட படங்கள் நூறு இருந்தாலும் ஒரு நூலின் இடத்தில் அடங்கிவிடும். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய பக்திப் படங்களுக்குப் பெயர்பெற்ற நகரம் ஆண்ட்வெர்ப். அங்கே வாழ்ந்த விய்ரிக்ஸ் உடன்பிறப்புகளான யான், ஹீரோனிமுஸ், அந்தோன் ஆகியோரின் நுண்ணிய கோடுகளுக்கு ஈடில்லை எனலாம். ஹீரோனிமுஸ் சிறுவனாயிருந்தபோதே ஜெர்மானிய மேதை ஆல்பிரெக்ட் டியூரரின் செப்போவியங்களைப் பார்த்துச் செதுக்கியவர். இயேசு சபையைச் சேர்ந்த ஹெரோனிமோ நடால் அடிகளின் நற்செய்திப் படநூல் 1593-இல் ஆண்ட்வெர்ப்பில் வெளிவந்தது. அதன் 153 செப்போவியங்களில் மிகப் பல இக்குடும்பத்தாரின் கைவண்ணமே.

கை நேர்த்தியாயிருந்ததே தவிர, வாழ்க்கை அவ்வாறில்லை. விய்ரிக்ஸ் சகோதரர்களிடம் வேலை வாங்க வேண்டுமானால் அவர்களை மதுக்கடைகளில் தேட வேண்டும், அவர்களது கடனைத் தீர்க்க வேண்டும், அடகு வைத்த உளிகளையும் மீட்டுத்தர வேண்டும் என்று புகழ்பெற்ற அச்சகத்தாரான பிளாந்தின் ஒரு கடிதத்தில் இயேசு சபையாரிடம் புலம்பியிருக்கிறார். ஹீரோனிமுஸ் குடிவெறிச் சண்டையொன்றில் ஒரு பெண்ணின் உயிர் போகக் காரணமாகிச் சிறையிலும் இருந்தவர். ஆயினும் இயேசு சபையார் உளிகளை மீட்டுத்தந்து வேலை வாங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அச்சேறிய படங்களே சான்று.

செவில் அன்னையின் உருவத்தை விய்ரிக்ஸ் பட்டறையே செம்பில் செதுக்கியதென்பதும், அந்தப் படமொன்று கப்பலேறி ஜப்பானை அடைந்ததென்பதும் ஆய்வாளர்களின் கருத்து. ஜப்பானில் அதற்கென ஓர் இடம் முன்னமே ஆயத்தமாக இருந்தது. இயேசு சபையின் கீழ்த்திசைப் பார்வையாளரான அலெசாந்ரோ வலிஞ்ஞானோ, அந்நாட்டு இளைஞர்களைக் குருமடங்களில் சேர்த்து இலத்தீனும் இசையும் கற்பித்ததோடு ஓவியமும் கற்பிக்க வேண்டுமென விரும்பினார். நேப்பிள்ஸ் அருகிலுள்ள நோலா ஊரினரான ஜொவான்னி நிக்கோலோ என்னும் ஓவியர் 1583-இல் அங்கு வந்து சேர்ந்தார். வலிஞ்ஞானோவின் ஏற்பாட்டில் ஐரோப்பா சென்று திருத்தந்தையைக் கண்ட நான்கு ஜப்பானியச் சிறுவர்கள் 1590-இல் திரும்பியபோது அவர்களோடு ஓர் அச்சு இயந்திரமும் வந்திறங்கியது. அதே வலிஞ்ஞானோ முன்பு இந்தியாவில் பணியாற்றியவர் என்பதையும், கொல்லத்தில் 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்துகளில் அச்சேறியது இயேசு சபையாரின் இதே ஊக்கத்தின் பயனே என்பதையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

நிக்கோலோவின் பள்ளிக்கு நிலையான கூரை வாய்க்கவில்லை. நாட்டின் ஆட்சித் தலைவரான ஹிதெயோஷி 1587-இல் மறைபரப்புநர்கள் வெளியேற வேண்டுமென ஆணையிட்டிருந்தார். ஆணை முழுமையாகச் செயற்படவில்லையெனினும் குருமடம் ஊர் ஊராக இடம் மாற வேண்டியதாயிற்று. கியூஷூ தீவில் ஷிமாபாரா வளைகுடாவை ஒட்டிய அரியே என்னும் சிற்றூரில் குருமடம் இருந்தபோது, மாணவர் ஒருவர் செப்புத் தகட்டை எடுத்து, செவில் அன்னையைச் செதுக்கினார். படத்தின் அடியில் அன்னையின் பெயரையும் மன்னர் பெர்தினாந்து செவிலைக் கைப்பற்றிய மரபையும் இலத்தீனில் பொறித்து, ஜப்பானியக் குருமடத்தில் 1597-இல் செய்யப்பட்டது என்பதையும் சுருக்கமாகக் குறித்தார். தம் பெயரைக் குறிக்கவில்லை.

1597 என்னும் ஆண்டை நாம் எளிதாகக் கடந்துவிட முடியாது. அவ்வாண்டு பெப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகியின் நிஷிசாக்கா குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டு மறைசாட்சிகளாயினர். பிரான்சிஸ்கு சபைத் துறவிகள் அறுவர், இயேசு சபையார் மூவர், ஏனையோர் இல்லறத்தாரும் சிறுவரும். நம் நாட்டு வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் அவர்களுள் ஒருவர். குன்றிலிருந்து அரியே நெடுந்தொலைவன்று. அம்மாணவர் அச்செய்தி வருமுன் உளியை எடுத்தாரா, வந்தபின் எடுத்தாரா என்பதைத் தகடு சொல்லவில்லை. எப்போதாயினும், ரோசா மலரையும் பறவையையும் அமைதியாகச் செதுக்கி முடிக்கும் அளவுக்கு அவரது கை நடுங்காமல் இருந்திருக்கிறது.

கலை வரலாற்று நூல்கள் இத்தகைய படங்களைப் 'படிகள்' என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுவதுண்டு. இது நீதியன்று. ஐரோப்பிய மாணவன் தன் தந்தையின் பட்டறையில் கண்டு பழகிய கருவி பியூரின். ஜப்பானிய மாணவனோ தூரிகையில் வளர்ந்தவன். தூரிகை, அழுத்தினால் தடித்தும் தூக்கினால் மெலிந்தும் விரைந்தோடும். உளி அவ்வாறன்று, மெல்லச் செல்லும், பிழையைப் பொறுக்காது. நிழல் என்பதைத் தனித்த ஒன்றாக வரையாத ஓவிய மரபில் வந்தவன், குறுக்கும் நெடுக்குமான நுண்கோடுகளால் நிழலைக் கட்டியெழுப்பக் கற்க வேண்டியிருந்தது. அயல்மொழியின் எழுத்துகளை இடம்வலம் மாற்றிப் பொறிக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் இதைச் செய்து முடித்த கைகளைப் 'படியெடுப்போர்' என்று அழைப்பதில் ஏளனம் இருக்கக்கூடாதென்பது நம் எண்ணம்.

நாகசாகிக்கும் மக்காவுக்கும் இடையே போர்த்துக்கீசியக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அரியே அன்னையின் தாளொன்றும் சீனம் சென்று, பீஜிங்கில் வாழ்ந்த மத்தேயோ ரிச்சி அடிகளின் கையை அடைந்தது. ரிச்சி 1601 சனவரியில் தலைநகரை அடைந்தவர். அதற்கு முந்தைய ஆண்டு, மா தாங் என்னும் அரண்மனை அலுவலர் அவருடைய பெட்டிகளைச் சோதித்தபோது, இரத்தம் வழிவதாக வண்ணம் தீட்டிய மரச்சிலுவை ஒன்றைக் கண்டு திடுக்கிட்டார். ஆணி அறையப்பட்ட மனிதவுருவம் பேரரசரைக் கொல்வதற்கான சூனியப் பொருளாகவே அவர் கண்ணுக்குப் பட்டது. நாம் முழந்தாளிட்டு முத்தி செய்யும் உருவம், அறியாதவர் கண்ணில் இவ்வாறும் தோன்றக்கூடும்.

1606-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ரிச்சியிடம் செங் தாயூ என்பவர் வந்தார். ஹுயிசோ நாட்டைச் சேர்ந்த மை வணிகர். சீன எழுத்தறிஞர் பயன்படுத்தும் மை, புகைக்கரியும் பசையும் சேர்த்துக் கட்டியாக வார்க்கப்படுவது. மரத்தில் குடைந்து செதுக்கிய அச்சில் அதனை அழுத்தும்போது கட்டியின்மேல் மலரும் மலையும் புடைத்தெழும். அந்த வடிவங்களையெல்லாம் திரட்டி அவர் ஒரு பெருநூலை வெளியிட்டுவந்தார். அதன் கட்டைகளைச் செதுக்கியவர்கள் ஹுயிசோவின் பெயர்பெற்ற ஹுவாங் குடும்பத்தினர். நூலில் சேர்க்க ரிச்சி நான்கு படங்களைத் தந்தார்: கடல்மேல் நடந்த பேதுரு, எம்மாவு வழிப்பயணம், சோதோம் நகரின் அழிவு, செவில் அன்னை. முதல் மூன்றுக்கும் சீனத்தில் விளக்கம் எழுதி, ஒவ்வோர் எழுத்தின் ஒலிப்பையும் உரோமன் எழுத்தில் குறித்தார். சீன மொழியியல் வரலாற்றில் அவ்வொலிக்குறிப்புகளுக்குத் தனி மதிப்புண்டு. நான்கில் ஒன்றேனும் பாடுகளின் படமாக இல்லை. மா தாங்கின் முகம் அவர் நினைவிலிருந்து அகன்றிருக்காது என்று நாம் ஊகிப்பது தவறாகாது.

பேதுருவின் படத்தில் ஒரு சுவையான நுட்பம் உண்டு. அதற்கு மூலமான விய்ரிக்ஸ் ஓவியம் உண்மையில் உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தோன்றிய காட்சியாகும். கையிலிருந்ததைக் கொண்டு ரிச்சி தம் தேவையை முடித்துக்கொண்டார்.

இனி அன்னையின் படம். இப்போது பள்ளம் மேடாயிற்று. ஆண்ட்வெர்ப் உளியும் அரியே உளியும் குடைந்த ஒவ்வொரு கோட்டையும் ஹுயிசோ மரபினர் இருபுறமும் வெட்டி உயர்த்தினர். ஆடையின் மடிப்புகள் தூரிகைக் கோடுகள் போல ஓடத் தொடங்கின. அடியிலுள்ள இலத்தீன் வரிகளை, ஓரெழுத்தும் அறியாத கைகள் உருவத்தைப் பார்த்தே உருவமாகச் செதுக்கின. ஜப்பானியக் குருமடம், 1597 என்னும் குறிப்பையும் அவை விட்டுவிடவில்லை. அக்குறிப்பை அவர்கள் பொருளறிந்து நீக்கியிருந்தால், இப்படத்தின் பயணவழி நமக்குத் தெரிந்தேயிராது. அறியாமையும் சிலவேளை உண்மையைக் காக்கிறது.

ஆனால் இப்படத்திற்கு விளக்கம் இல்லை; தலைப்பு மட்டுமே உண்டு. அத்தலைப்பு 'தியென் சூ', அதாவது விண்ணகத் தலைவர். கடவுளைக் குறிக்க இயேசு சபையார் தேர்ந்துகொண்ட அதே சொல். குழந்தையை நோக்கியே அது எழுதப்பட்டிருக்கலாம். எனினும் முதலில் கண்ணில் படுபவர் அன்னைதானே? 20 ஆண்டுகளுக்கு முன் தென்சீனத்து ஜாவோசிங் ஊரில் பீடத்தின்மேல் அன்னையின் படத்தை வைத்தபோது, வந்து வணங்கியோர் கிறிஸ்தவர்களின் கடவுள் ஒரு பெண் என்று பேசத் தொடங்கினர். அதன் பொருட்டே அதனை எடுத்துவிட்டுக் கிறிஸ்துவின் படத்தை வைத்தனர். அவ்வளவும் அறிந்த ரிச்சி இங்கு ஏன் ஒரு வரியேனும் எழுதவில்லை? குழந்தையை ஏந்திய கருணைத் தேவியாகிய குவான்யின்னின் வடிவத்தைச் சீனர் நன்கறிவர். படமே வழிசெய்யட்டும் என விட்டாரோ, நேரமின்மையோ, அறியோம். நம் கருத்தில் இது ஒரு குறையே. கோடு எவ்வளவு தூயதாயினும், தன்னந்தனியே மறையுண்மையைச் சொல்லிவிடாது. அருகில் ஒரு குரல் வேண்டும்.

ஜப்பானில் காலம் கறுத்தது. 1614-இல் மறைபரப்புநர்கள் நாடு கடத்தப்பட்டனர். நிக்கோலோவும் தம் கருவிகளோடு மக்காவ் சென்று 1626-இல் அங்கேயே மறைந்தார். அவரிடம் பயின்ற மனுவேல் பெரேரா என்னும் மக்காவ் இளைஞரே, 1610-இல் பீஜிங்கில் ரிச்சி இறந்தபோது அவரது உருவத்தைத் தீட்டியவர். மக்காவின் புனித பவுல் ஆலய முகப்பைச் செதுக்கியதிலும் புலம்பெயர்ந்த ஜப்பானியக் கிறிஸ்தவர்களின் கைகள் உண்டு. ஏழுதலை நாகத்தின்மேல் அன்னை நிற்கும் புடைப்புச் சிற்பமும், அன்னை நாகத்தின் தலையை மிதிக்கிறார் என்னும் சீன எழுத்துகளும் அதிலுள்ளன. 1835-இல் ஆலயம் தீக்கிரையான பின்னும் அம்முகப்பு மட்டும் தனித்து நிற்கிறது.

மக்காவ் கல்லில் அன்னை நாகத்தை மிதித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், நாகசாகியில் அன்னையை மக்கள் மிதிக்க வேண்டியிருந்தது. 1620-களின் இறுதியில் தொடங்கிய அவ்வழக்கத்திற்கு 'ஃபூமி-யெ' என்று பெயர். கிறிஸ்துவின் அல்லது அன்னையின் உருவத்தைத் தரையில் வைத்து, ஒவ்வொருவரும் அதன்மேல் கால்வைத்துத் தாம் கிறிஸ்தவரல்லர் என மெய்ப்பிக்க வேண்டும். முதலில் பறிமுதல் செய்த தாள்படங்களையே வைத்தனர், அவை கிழிந்தன. பிறகு உலோகப் பதக்கங்களை மரப்பலகையில் பதித்து வைத்தனர். அவையும் போதாமற்போகவே 1669-இல் ஹகிவாரா யூசா என்னும் வார்ப்புக் கலைஞரிடம் 20 பித்தளைத் தகடுகள் செய்வித்தனர். அவற்றுள் 19 இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆண்டுதோறும் புத்தாண்டில் மிதித்த கால்களால், புடைத்திருந்த முகங்கள் வழுவழுப்பாகிவிட்டன. மூக்கும் கண்ணும் தேய்ந்து நெற்றியோடு ஒன்றாகிவிட்டன. மேடாக இருப்பது தேயும். பள்ளத்தில் இருப்பது அத்துணை எளிதில் தேயாது. மறைந்து வாழ்ந்த விசுவாசிகளும் அவ்வாறே ஆழத்தில் இறங்கி, குருக்களின்றி, திருமுழுக்கையும் சில செபங்களையும் மட்டும் பற்றிக்கொண்டு ஏழு தலைமுறை தாங்கினர்.

1865 மார்ச் 17-ஆம் நாள், நாகசாகியின் ஓவுரா குன்றில் புதிதாக எழுப்பப்பட்ட 26 மறைசாட்சிகள் ஆலயத்திற்கு உராகாமி ஊரினர் சிலர் வந்தனர். பிரெஞ்சுக் குருவான பெர்நார் பெத்திஜான் அடிகளை அணுகிய ஒரு பெண், தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்றுரைத்து, மரியன்னையின் உருவம் எங்கே என்று வினவினார். இந்நிகழ்ச்சியைப் பலரும் அறிவர். அதற்கு நான்காண்டுகளுக்குப் பின் நிகழ்ந்ததை அறிந்தோர் குறைவு. அப்போது ஆயராகியிருந்த பெத்திஜான் 1869-இல் மணிலாவில் ஒரு துறவற இல்லத்தில் பழந்தாள் ஒன்றைக் கண்டார். ரோசா மலர் ஏந்திய அன்னை. அடியில் ஜப்பானியக் குருமடம், 1597. எரிப்பும் கிழிப்பும் அணுகாத இடத்தில் அது 270 ஆண்டுகள் இருந்திருக்கிறது. ஆயர் அதனைத் திருத்தந்தை 9-ஆம் பத்திநாதரிடம் அளித்தார். 1862-இல் அந்த 26 மறைசாட்சிகளைப் புனிதராக உயர்த்தியவர் அவரே. திருத்தந்தை அதனைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. ஆசீர் அளித்து ஜப்பானிய விசுவாசிகளுக்கே திருப்பித் தந்தார்.

அந்நாளில் உராகாமியில் அதனைக் காண விசுவாசிகள் இல்லை. ஏறத்தாழ 3,400 பேரும் 1868 முதல் குடும்பம் குடும்பமாக நாட்டின் பல மூலைகளுக்குக் கடத்தப்பட்டிருந்தனர். 600-க்கும் மேற்பட்டோர் அங்கேயே மடிந்தனர். 1873-இல் கிறிஸ்தவ மறையைத் தடைசெய்த அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்டன. எஞ்சியோர் நடந்தும் படகேறியும் ஊர் திரும்பினர்.